இண்டி ராக் ஆல்பங்கள்: காசை வைத்து ஒரு விளக்கம்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் சாயங்காலம் நடந்தால், கடைகளில் தொங்கும் கறுப்பு டி-ஷர்ட்டுகளில் இரண்டு படங்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, கண்ணிருக்கும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு நாக்கை நீட்டும் மஞ்சள் மூஞ்சி. இன்னொன்று, மலை மலையாக ஏறி இறங்கும் வெள்ளைக் கோடுகள். முதலாவது அமெரிக்காவின் நிர்வாணா இசைக்குழுவின் சின்னம். இரண்டாவது இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் 1979இல் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ ஆல்பத்தின் அட்டை. பல்சர் என்று சொல்லப்படும் துடிக்கும் விண்மீன் ஒன்றிலிருந்து வந்த ரேடியோ அலைகளின் வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்த படத்தைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி அட்டையாக்கியவர் பீட்டர் சவில்.

அந்தச் சட்டையைப் போட்டிருக்கும் பையன்களில் பெரும்பாலோர் பாட்டைக் கேட்டதில்லை. அதில் தப்பொன்றும் இல்லை, சட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க நினைப்பவர்களுக்கு முதல் தடையே பெயர்கள்தான். இண்டி ராக் (இண்டிபெண்டன்ட், அதாவது சுயேச்சை என்பதன் சுருக்கம்), ஆல்டர்நேட்டிவ் ராக் என்று இரண்டு பெயர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், கிதார் இப்படி இருக்கும், குரல் அப்படி இருக்கும் என்று ஒலியை வைத்து விளக்குவார்கள். அந்த விளக்கம் எனக்கு உதவியதே இல்லை. ஏனென்றால் அந்தப் பெயருக்குள் வரும் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. காசை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பதிவுக்குப் பணம் போட்டது யார், ரெக்கார்டைக் கடைக்குக் கொண்டுபோனது யார்? ஒலி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அதற்கு முன் ஆல்பம் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பழக்கம் தனித்தனிப் பாட்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மதுரையில் எங்கு பார்த்தாலும் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெள்ளைத்தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிட, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். இந்தப் படத்தில் இரண்டு, அந்தப் படத்தில் ஒன்று என்று பொறுக்குவதுதான் நம் ரசனை. சினிமாப் பாட்டுக்கு அது சரியாகவே பொருந்தியது. ஒரு படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து சிச்சுவேஷனுக்காகப் போட்டவை. குத்துப்பாட்டுக்கும் தாலாட்டுக்கும் உறவு திரைக்கதையில் இருக்கிறது, கேசட்டில் இல்லை.

ராக்கில் கதை வேறு. 1948இல் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் நீண்ட இசைத்தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொள்ளும். அறுபதுகளின் நடுவிலிருந்து ராக் குழுக்கள் அந்த நாற்பது நிமிடத்தையும் ஒரே படைப்பாக எண்ண ஆரம்பித்தன. முதல் பக்கத்தை எதில் தொடங்குவது, தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் எந்தப் பாட்டு முடிய வேண்டும், கடைசியில் எதை வைப்பது என்றெல்லாம் யோசித்து அடுக்கினார்கள். அதனால் இந்த ஆல்பங்களை ஷஃபிளில் போட்டுக் கேட்பது வீண். மாட்டுத்தாவணியில் ஏறி மேலூர் போய் இறங்குவதற்குள் ஓர் ஆல்பம் முடிந்துவிடும். பஸ்ஸில் டிரைவர் ராஜா பாட்டைப் போட்டுவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம்.

எழுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் ஒரு குழு ரெக்கார்டு போட வேண்டுமென்றால், லண்டனிலுள்ள பெரிய கம்பெனி ஒன்றின் ஆள் வந்து கேட்டுத் தலையசைக்க வேண்டும். 1976 டிசம்பர் கடைசியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு அந்தத் தலையசைப்புக்குக் காத்திருக்கவில்லை. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிந்தார்கள். தாங்களே ஒரு லேபிளுக்கு (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்துக்கு) பெயர் வைத்து, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்று 1000 பிரதிகள் அடித்தார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முயற்சியில் பதிந்தது என்பதைக்கூட அட்டையிலேயே அச்சிட்டார்கள். ரெக்கார்டு போடுவது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, நீயும் போடலாம் என்று சொல்வது போன்ற அட்டை அது. ஆயிரமும் விற்று, மேலும் மேலும் அடித்து, பதினாறாயிரம் வரை போனது. இசை கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் இண்டி என்ற விஷயத்தின் விதை எங்கே என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்களுக்கு அடுத்த சிக்கல் சொல்லாமலே தெரியும். அச்சடிப்பது பாதி வேலைதான், கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து விற்ற காசை வாங்குவதில்தான் மூச்சு முட்டும். அந்த மூச்சு முட்டலைத் தீர்த்தது ரஃப் டிரேட். 1976இல் மேற்கு லண்டனில் ஒரு ரெக்கார்டு கடையாகத் தொடங்கி, 1978இல் லேபிளாகவும் ஆனது. அதோடு நிற்காமல், நாட்டின் பல ஊர்களிலிருந்த சிறு கடைகளோடு சேர்ந்து தனி விநியோக வலையை அமைத்தது. பெரிய கம்பெனியின் லாரி இல்லாமலே ஒரு ரெக்கார்டு நாடு முழுக்கப் போய்ச் சேரும் என்ற நிலை வந்தது.

1980 ஜனவரியில் இங்கிலாந்தில் இண்டி ரெக்கார்டுகளுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் வந்தது. அதில் இடம்பிடிக்க என்ன தகுதி? பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் வராத ரெக்கார்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எப்படி ஒலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் எண்பதுகளின் கடைசியில் பளபளப்பான பாப் பாடகி கைலி மினோக் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய லேபிள் சுயேச்சையானது, விநியோகமும் அப்படியே. அழுக்குச் சட்டை கிதார்க் குழுக்களின் ரசிகர்களுக்கு வயிறு எரிந்தது. எனக்கு அந்தச் செய்தி ரொம்பப் பிடிக்கும்.

ஜாய் டிவிஷனின் லேபிளான ஃபேக்டரியும் இதே மான்செஸ்டர் சரக்குதான். டோனி வில்சன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. செலவு போக வரும் லாபத்தில் குழுவுக்குப் பாதி, லேபிளுக்குப் பாதி என்பது அவர்கள் கணக்கு. பெரிய கம்பெனிகளில் அன்று கனவிலும் கிடைக்காத பங்கு. மேற்பார்வையில்லாத இந்தச் சுதந்திரம் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ஸில் காதில் விழுகிறது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், மேடையில் ஆவேசமாக வாசித்துக்கொண்டிருந்த குழுவைப் பிடித்துக் குளிர்ந்த, வெறிச்சோடிய ஒலிக்குள் உட்கார வைத்தார். லிஃப்ட் ஓடும் சத்தம், கண்ணாடி உடையும் சத்தம் எல்லாம் உள்ளே உண்டு. குழுவில் சிலருக்கே முதலில் அது பிடிக்கவில்லை. ஹானெட் செய்ததுதான் சரி என்பது என் கட்சி. வெறும் ஆவேசம் மட்டும் இருந்திருந்தால் நாற்பது வருஷம் தாண்டி ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆல்டர்நேட்டிவ் என்பது கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பெரிய வானொலிகள் தொடாத குழுக்களைக் கல்லூரி வளாக வானொலிகள் ஒலிபரப்பின. மாணவர்களே நடத்தும் நிலையங்கள், விளம்பரதாரருக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதன்ஸ் என்ற கல்லூரி ஊரில் உருவான ஆர்.இ.எம். குழு அப்படித்தான் வளர்ந்தது. 1988இல் பில்போர்டு பத்திரிகை இந்த வகைக்குத் தனிப் பட்டியல் போட்டது, 1991இல் கிராமி விருதிலும் ஒரு பிரிவு வந்தது. அதே 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’. மறு ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ஸைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் கிதாரைத் தூக்கிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்டன. ஆல்டர்நேட்டிவ் என்பது கடையில் ஓர் அலமாரியின் பெயராகிப்போனது. ஆக, ஒரு குழு ஆல்டர்நேட்டிவாகவும் பெரிய கம்பெனியிலும் இருக்கலாம். இண்டியாக இருந்தும் ராக்கே வாசிக்காமல் இருக்கலாம்.

இனி, காசு எப்படி ஒலியாக மாறுகிறது என்று பார்க்கலாம். இந்த இசையில் எனக்கு ருசியான பகுதி இதுதான்.

‘நெவர்மைண்ட்’டுக்கு முன் நிர்வாணா 1989இல் சியாட்டிலின் சிறு லேபிளான சப் பாப்பில் ‘பிளீச்’ ஆல்பத்தைப் போட்டது. பதிவுச் செலவு 606 டாலரும் சில்லறையும். மொத்தம் முப்பது மணி நேரம் போல ஸ்டூடியோவில் இருந்தார்கள். திருத்தித் திருத்திப் பாட நேரமில்லை, வாசித்தது வாசித்தபடி இருக்கிறது. கனமாக, கலங்கலாக, கொஞ்சம் சலிப்பாகவும் இருக்கும். ‘நெவர்மைண்ட்’ கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் பணத்தில் செய்தது. குரலை இரட்டித்து, டிரம்ஸைத் துலக்கி, வானொலிக்குத் தோதாக மெருகேற்றியிருக்கிறார்கள். குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்கே அந்த மெருகில் சங்கடம் இருந்தது. அதனால் 1993இல் ‘இன் யூட்டரோ’வுக்கு ஸ்டீவ் அல்பினியை அழைத்தார்.

2024இல் மறைந்த அல்பினி தனி ரகம். தன்னைத் தயாரிப்பாளர் என்று போட விட்டதில்லை, பதிவுப் பொறியாளர் என்றுதான் சொல்லிக்கொண்டார். விற்பனையில் பங்கு வாங்கியதில்லை, கூலி மட்டும்தான். ஆல்பம் எவ்வளவு விற்றாலும் அது குழுவின் உழைப்பு என்பது அவர் வாதம். பிக்சீஸ் குழுவின் 1988 ஆல்பமான ‘சர்ஃபர் ரோசா’வை 1500 டாலர் கூலிக்குப் பதிந்து கொடுத்தார். குரலுக்கு எதிரொலி வேண்டுமென்றால் மெஷினைத் தேடாமல், பாடுகிறவரை ஸ்டூடியோவின் பாத்ரூமுக்கு அனுப்பினார். டிரம்ஸ் உங்கள் முன்னால் இருப்பது போலக் கேட்கும். அறையின் அளவுகூடக் காதில் தெரியும். நம் சினிமாப் பதிவுகளில் டிரம்ஸ் எந்த அறையில் இருந்தது என்று சொல்லவே முடியாது, அதோடு ஒப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். மெதுவாக முணுமுணுத்துவிட்டுத் திடீரென்று வெடிப்பது பிக்சீஸ் பாணி. அதை நகலெடுக்கத்தான் முயன்றேன் என்று கோபேனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

காசே இல்லாத எல்லை ஒன்று உண்டு. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் ஊரில் ராபர்ட் பொலார்டு நாலாம் வகுப்பு வாத்தியாராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளிகளோடு சேர்ந்து பாட்டு. குழுவின் பெயர் கைடட் பை வாய்சஸ். 1994இல் வந்த ‘பீ தவுசண்ட்’ ஆல்பத்தில் சுமார் 36 நிமிடத்தில் 20 பாட்டு, பெரும்பாலும் வீட்டின் நிலவறையிலும் கேரேஜிலும் நாலு டிராக் கேசட் மெஷினில் பதிந்தவை. சில பாட்டு ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. பல்லவி பிடித்துப்போய் நாம் முணுமுணுக்கத் தொடங்கும்போது முடிந்துவிடும். டேப்பின் இரைச்சல் பாட்டோடு கூடவே வருகிறது. இதற்கு லோ-ஃபை என்று பெயர் வைத்துப் பிறகு அதையே பாணியாக்கிக்கொண்டார்கள். வேண்டுமென்றே பழுதாகப் பதிகிற இன்றைய லோ-ஃபை எனக்குச் சகிப்பதில்லை. பொலார்டுக்கு வேறு வழியில்லை, அதனால் அது அழகாக இருக்கிறது.

மறு எல்லை மை பிளடி வேலன்டைன் என்ற குழு. லேபிள் என்னவோ கிரியேஷன் என்ற சிறு லேபிள்தான். குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் ‘லவ்லெஸ்’ ஆல்பத்துக்காக இரண்டு வருஷம், ஸ்டூடியோ மாற்றி ஸ்டூடியோவாகப் பத்தொன்பது இடம் அலைந்தார். செலவு லேபிளை மூழ்கடிக்கப் பார்த்தது. ஒருவழியாக 1991 நவம்பரில் வெளிவந்தது. கிதாரில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ கைப்பிடியைப் பிடித்து அசைத்துக்கொண்டே வாசிப்பதால் சுருதி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சுருதி பிசகலாகத் தோன்றாது என்பது என் அனுமானம். பெரிய கம்பெனியாக இருந்திருந்தால் ஆறாம் மாதமே கதவைச் சாத்தியிருப்பார்கள். சிறு லேபிள் என்றால் சிக்கனம் என்று நினைக்க வேண்டாம், சில சமயம் அது ஒருவருடைய பிடிவாதத்துக்கு இன்னொருவர் கடன் வாங்கித் துணைபோவது.

புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: பாடுவது புரியவில்லை, குரல் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. நம் பாட்டில் குரல்தான் ராஜா. வாத்தியங்கள் வழிவிட்டு நிற்கும், இடையிசையில் மட்டும் முன்னால் வரும். இங்கே குரல் இன்னொரு வாத்தியம். ‘லவ்லெஸ்’ஸில் அது கிதாரின் மட்டத்திலேயே கரைந்திருக்கும். ஆங்கிலம் போதவில்லையோ என்று கவலைப்படாதீர்கள். ஆர்.இ.எம்.மின் முதல் ஆல்பமான ‘மர்மர்’ 1983இல் வந்தபோது, மைக்கேல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று அமெரிக்கர்களுக்கே பிடிபடவில்லை. ஆளுக்கொரு வரியாக ஊகித்துப் பாடினார்கள். அந்த ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ உலகத்தையே ஆட்டிக்கொண்டிருந்தும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது ‘மர்மர்’ரைத்தான். பேஸ் கிதாரைப் பிடித்துக்கொண்டு போங்கள். ராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸைத் தனியாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வித்தை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ‘நெவர்மைண்ட்’ வேண்டாம் என்பேன். மோசமான ஆல்பம் இல்லை. ஆனால் முதல் பாட்டின் புகழ் மற்றவற்றை மறைத்துவிடுகிறது, மெருகும் வேகமாகச் சலிக்கிறது. ‘இன் யூட்டரோ’ அதைவிட மேல், கொஞ்சம் முள்ளாகக் குத்தினாலும். பிக்சீஸின் 1989 ஆல்பமான ‘டூலிட்டில்’ நல்ல வாசல்: பாட்டெல்லாம் சின்னது, மெட்டு உடனே ஒட்டும், விசித்திரமும் குறையவில்லை. அடுத்து ‘மர்மர்’. தி ஸ்மித்ஸின் 1986 ஆல்பம் ‘தி குவீன் இஸ் டெட்’டை ஜானி மாரின் கிதாருக்காகக் கேட்கலாம். மோரிசியின் புலம்பல் குரல் சிலருக்கு அமுதம், எனக்கு அளவோடுதான். ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ரைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நான் 2007இல் வந்த ‘இன் ரெயின்போஸ்’ஸைச் சொல்வேன். கம்பெனி ஒப்பந்தம் முடிந்த நிலையில், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள் என்று அவர்களே இணையத்தில் விட்ட ஆல்பம். பாடல்களும் இளகி, மனிதத்தன்மையோடு இருக்கின்றன. அந்தக் குழுவின் ஜானி கிரீன்வுட் பிற்பாடு ஜோத்பூர் கோட்டையில் ராஜஸ்தானிக் கலைஞர்களோடு உட்கார்ந்து ‘ஜுனூன்’ என்ற ஆல்பத்துக்கு வாசித்திருக்கிறார். அது 2015.

நம் பக்கத்து வாசனை வேண்டுமென்றால் கார்னர்ஷாப். பஞ்சாபி வம்சாவளி டிஜிந்தர் சிங்கின் பிரிட்டிஷ் இண்டிக் குழு. 1997இல் ஆஷா போஸ்லேயைக் கொண்டாடி ஒரு பாட்டுப் போட்டார்கள். மறு ஆண்டு அதன் ரீமிக்ஸ் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பின்னணிப் பாடகிகளைக் கொண்டாடுவதில் நாம்தான் முதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

தமிழில் இது உண்டா? படத்துக்கு வெளியே ஆல்பம் போடும் துணிவைக் காட்டியவர்களில் சினிமாவின் உச்சத்தில் இருந்தவர் ஒருவரும் உண்டு. அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வெளியிட்டார். கதை இல்லை, நடிகர் இல்லை, சிச்சுவேஷன் சொல்ல இயக்குநர் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் காணிக்கை. அது ராக் இல்லைதான், ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஆல்பமாகக் கேட்க வேண்டிய ஒன்று. பிறகு 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, கானாவையும் பறையையும் மின்கிதாரோடு சேர்த்தது. 2019இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து ‘தெருக்குரல்’ போட்டார்கள். அது ராப், கிதார் தேடிப் போகாதீர்கள். ஆனால் பஸ்காக்ஸ் கேட்ட கேள்வியைத்தான் அதுவும் கேட்கிறது, தலையசைக்க நீ யார் என்று.

எனக்கிருக்கும் ஆதங்கம், இப்போது தமிழில் தனியிசை என்று வருவதில் பெரும்பகுதி ஒற்றைப் பாட்டும் அதற்கொரு வீடியோவும்தான். பெரிய கம்பெனி ஒன்று பணம் போட்டு, நடிகரை ஆடவிட்டு, இண்டி என்று போஸ்டர் ஒட்டுகிறது. யார் காசு என்று கேட்டுப் பாருங்கள், பாதிக்குமேல் கழிந்துவிடும். பத்துப் பாட்டை அடுக்கி நாற்பது நிமிடம் நம்மை உட்கார வைக்கும் ஆல்பம் மதுரைப் பக்கத்துப் பையன்களிடமிருந்து வரவேண்டும், நையாண்டி மேளத்தையே டிரம்ஸாக வைத்து வந்தாலும் சரி. ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருந்தால் பொலார்டிடம் இருந்ததைவிட நல்ல ஸ்டூடியோ அது.